வைஃபை பெட்டிக்கு மூன்று சாவிகள்



சென்ற இதழில் குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்து பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு பெட்டியைப் பற்றித்தான் கேட்கின்றன! கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்த வைஃபை பெட்டி. "பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத் தெரிகிறது. இது நின்றுபோனால் என்ன செய்வதென்றே தெரிவதில்லை" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "அவர் ஆபீஸிலிருந்து வருகிற வரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்கிறார் இன்னொருவர்.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம் மனசை ரொம்பச் சங்கடப்படுத்திவிட்டது. அந்த அம்மாளின் கணவர் திடீரென்று காலமாகி மூன்று மாதமாகிறது. ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். தினமும் ராத்திரி வீடியோவில் அம்மாவோடு பேசிவிட்டுத்தான் படுப்பாளாம். ஒருநாள் இணைப்பு நின்றுவிட்டது. பாஸ்வேர்டு எல்லாம் அவருக்குத்தான் தெரியும். கம்பெனிக்குப் போன் செய்தால், "பதிவு பண்ணின நம்பர்லேர்ந்து பேசுங்கம்மா" என்கிறார்கள். அந்த நம்பர் கணவருடையது. அதை யாரும் ரீசார்ஜ் செய்யாததால் அதுவும் அடைபட்டுப் போயிருந்தது. செல்போன் டேட்டாவில் பேசினால் முகம் தெரிகிறபோது குரல் வராது, குரல் வருகிறபோது முகம் உறைந்து நிற்கும். சரியாவதற்குப் பத்து நாளாயிற்றாம். "நாற்பது வருஷம் இந்த வீட்டுச் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. இந்த ஒரு சாவியை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொள்ளவே இல்லை" என்று முடித்திருக்கிறார்.

அந்தச் சாவியை உங்கள் கையில் கொடுப்பதுதான் இந்த இதழில் என் வேலை. இதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டாம். பிரஷர் குக்கருக்கு கேஸ்கட் மாற்றத் தெரிந்தவருக்கு இது தாராளமாக வரும்.

முதலில், பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

நம் வீட்டுத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக் குழாயிலிருந்து தண்ணீர் வந்து ஸம்ப்பில் விழுகிறது. ஸம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குப் போய், சமையலறைக்கும் குளியலறைக்கும் பிரிகிறது. இண்டர்நெட்டும் அப்படித்தான். தெருவிலிருந்து ஒரு மெல்லிய கண்ணாடி இழை வழியாக வீட்டுக்குள் வருகிறது. ரௌட்டர் என்கிற பெட்டி அதை வாங்கி, ரேடியோ அலைகளாக்கி வீடு முழுக்க அனுப்புகிறது. அந்த அலைக்குத்தான் வைஃபை என்று பெயர். சில வீடுகளில் இழையை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி, அலையாக்க ஒரு பெட்டி என்று இரண்டு இருக்கும்.

ஆகவே கோளாறு இரண்டு இடத்தில் வரலாம். தெருவிலிருந்தே வரவில்லை என்பது ஒன்று. வீடு வரை வந்தது, உள்ளே பரவவில்லை என்பது இன்னொன்று. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

அலையிலும் இரண்டு வகை. பெட்டியின் திரையிலோ லேபிளிலோ 2.4 என்றும் 5 என்றும் போட்டிருக்கும். அது கிகாஹெர்ட்ஸ் கணக்கு. 2.4 அலை ஒவ்வொன்றும் சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். சுவரைத் தாண்டி எட்டப் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 அலை அதில் பாதி நீளம்தான். வேகம் அதிகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும். ஆகவே பெட்டி இருக்கிற கூடத்தில் உள்ள டி.வி.க்கு 5, பின்கட்டு அறைக்கு 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது?

இணைப்புக் கொடுக்க வருகிற பையன், வயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதோ அந்த இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பான். அவனுக்குச் சுலபம் அதுதான். "இங்கே வேண்டாம் தம்பி, கூடத்து நடுச்சுவர்ல மாட்டு. வயர் கொஞ்சம் கூட விட்டுக்கோ" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி ஆள் வர வேண்டும்.

வீட்டின் நடுவில், நம் தலை உயரத்தில், திறந்தவெளியாக இருக்க வேண்டும். இரும்பும் தண்ணீரும் இந்த அலைக்கு ஜென்ம விரோதிகள். ஆகவே பீரோவுக்குப் பின்னால், ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில், குளிர்சாதனப் பெட்டியின் தலையில், மீன்தொட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது. டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைப்பது நிறைய வீட்டில் வழக்கமாக இருக்கிறது. அதுவும் வேண்டாம். கான்க்ரீட் சுவருக்குள் கம்பி இருக்கிறதல்லவா, அதுவும் அலையை விழுங்கும். பழைய சுண்ணாம்புச் சுவர்களோ ஒன்றரை அடி, இரண்டடி தடிமன். அந்த வீடுகளில் கதவு நிலைக்கு நேராகப் பெட்டியை வைத்தால் அலை வாசல்வழியாகவே அடுத்த அறைக்குப் போகும்.

பெட்டிக்குக் கொம்பு மாதிரி ஆன்டெனா இருந்தால் நேராக நிமிர்த்தி வையுங்கள். அப்போது அலை அதே தளத்தில் நன்றாகப் பரவும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் சாய்த்துப் பாருங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். அழகுக்காக குரோஷா வேலைப்பாட்டு உறை பின்னிப் போட்டிருப்பதாக ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கைவேலையைப் பாராட்டுகிறேன், ஆனால் உறையை எடுத்துவிடுங்கள்! இரவு பகலாக வேலை செய்கிற பெட்டி அது. காற்றோட்டம் இல்லாவிட்டால் சூடேறித் திணறும்.

சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பை ஓட்டினால் டி.வி. திக்கித் திணறுகிறதா? அந்த அடுப்பும் ஏறக்குறைய 2.4 அலையில்தான் வேலை செய்கிறது. கதவிடுக்கில் கசிகிற துளி நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் வைஃபையின் மெல்லிய குரலை அமுக்கிவிடும். டி.வி.யை 5-க்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

மூன்று சாவிகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு பாஸ்வேர்டு தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் மூன்று இருக்கின்றன.

முதல் சாவி வாசல் சாவி. செல்போனையும் லேப்டாப்பையும் வைஃபையில் சேர்க்கக் கேட்கிற பாஸ்வேர்டு இது. பெட்டி வந்தபோது லேபிளில் அச்சடித்திருந்ததையோ, வந்த பையன் தன் சௌகரியத்துக்குப் போட்டுக்கொடுத்த 12345678-ஐயோ அப்படியே வைத்திருக்க வேண்டாம். குழந்தை பெயர், கல்யாண நாள், வீட்டுப் போன் நம்பர் இதெல்லாம் தெருவுக்கே தெரியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதி, ஒரு எண்ணும் வையுங்கள். அம்மிக்குழவி, தாழம்பூ, ரயில், கொடுக்காப்புளி என்கிற மாதிரி. நமக்கு மறக்காது, வெளியாளுக்கு ஊகிக்க வராது. (இதையே போட்டுவிடாதீர்கள், பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது!) குறைந்தபட்சம் 8 எழுத்து என்று பெட்டியே கேட்கும். நீங்கள் 15-க்குக் குறையாமல் வையுங்கள்.

பாஸ்வேர்டு போடுகிற இடத்திலேயே பூட்டு எந்த ரகம் என்றும் கேட்கும். டபிள்யு.இ.பி. என்பது 1990-களில் வந்த பழைய பூட்டு. 2001-லேயே அதை உடைக்கும் வழியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அதைத் தொடவே வேண்டாம். 2004-ல் வந்த டபிள்யு.பி.ஏ.2 அல்லது 2018-ல் வந்த டபிள்யு.பி.ஏ.3 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யு.பி.எஸ். என்று ஒரு பொத்தான் வசதி இருக்கும். எண் போட்டுச் சட்டென்று சேருகிற அந்த முறையில் ஓட்டை இருப்பது 2011-ல் வெளிவந்தது. அணைத்து வைப்பது நல்லது.

வைஃபைக்குப் பெயர் வைக்கிறபோது கதவு எண்ணையோ வீட்டுக்காரர் பெயரையோ வைக்காதீர்கள். தெருவில் போகிறவர் செல்போனிலும் அந்தப் பெயர் தெரியும்.

இரண்டாவது சாவி பீரோ சாவி. பெட்டியின் அமைப்பையே மாற்றுகிற உரிமை இதில் இருக்கிறது. வாசல் சாவியை மாற்றவும் இது வேண்டும். பெட்டியின் அடியில் உள்ள லேபிளில் 192.168.1.1 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். வைஃபையில் சேர்ந்திருக்கிற செல்போனில் பிரௌசரைத் திறந்து அந்த எண்ணை அடித்தால் பெட்டியின் பக்கம் வரும். சில கம்பெனிகள் இதற்குத் தனி ஆப் கொடுக்கிறார்கள். அங்கே கேட்கிற பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே 'அட்மின்' என்றே பல பெட்டிகளில் இருக்கும். கடையில் வாங்கின பூட்டுக்கு எல்லா வீட்டிலும் ஒரே சாவி என்றால் எப்படி? அப்படித்தான் இதுவும்!

"எங்கள் வீட்டுப் பெட்டியை யார் வந்து திறக்கப் போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். 2016-ல் 'மிராய்' என்று ஒரு நச்சு நிரல் கிளம்பியது. கம்பெனியில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட வீட்டுக் காமிராக்களையும் ரௌட்டர்களையும் அதுவாகவே தேடிப் பிடித்துத் தன் வசமாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, அப்படிப் பிடித்த பெட்டிகளையெல்லாம் ஒரே சமயத்தில் ஏவிவிட்டதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் திண்டாடின. பெட்டிக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு விஷயமே தெரியாது. பாப்பா தூங்குகிறதா என்று பார்க்க வாங்கி மாட்டுகிறோமே காமிரா, அதற்கும் பாஸ்வேர்டை மாற்றவேண்டியது இதனால்தான்.

பீரோ சாவி வேறொருவர் கையில் போனால், நாம் பாங்க் பக்கத்துக்குப் போகிறபோது அதே மாதிரி வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட முயற்சி செய்யலாம். "இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல" என்று பிரௌசர் எச்சரித்தால் மேலே போகாதீர்கள். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது சைபர் மோசடிப் புகாருக்கான அரசாங்க எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பெட்டியின் பக்கத்திலேயே 'அப்டேட்' என்று ஓரிடம் இருக்கும். கம்பெனி கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கிற ஒட்டு அது. தானாக நடக்கும்படி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது சாவி கணக்குச் சாவி. இணைப்பு யார் பேரில் இருக்கிறது, வாடிக்கையாளர் எண் என்ன, எந்தச் செல்போன் நம்பரைப் பதிவு செய்திருக்கிறது, எந்த ஈமெயில், பணம் எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்பவை. கும்பகோணத்துச் சகோதரியிடம் இல்லாமல் போனது இதுதான். இன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து உங்கள் நம்பரையும் கூடுதலாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். புது இணைப்பு வாங்குகிறீர்களென்றால் உங்கள் பேரிலேயே வாங்கலாமே? பகல் முழுக்க வீட்டில் இருந்து புகார் சொல்லப் போவது நீங்கள்தானே! பெயர் மாற்ற வேண்டிய நிலை வந்தால், இறப்புச் சான்றிதழ் நகலும் உங்கள் அடையாள அட்டையும் வழக்கமாகக் கேட்பார்கள். துக்கத்தில் இருக்கிறபோது இதற்கெல்லாம் அலைவது எத்தனை கொடுமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கணவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். "நீங்க டூர் போயிருக்கிறப்போ நின்னு போச்சுன்னா நான் என்ன பண்றது? ஒரு தடவை எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டால்?

"அக்கா, எங்க வீட்ல நெட் வரலே. பொண்ணுக்கு இன்னிக்கு ஆன்லைன் டெஸ்ட். உங்க பாஸ்வேர்டைக் கொஞ்சம் கொடுங்களேன்!"

சர்க்கரை, காப்பிப்பொடி கேட்டால் கொடுக்கிறோம். இதை மட்டும் எப்படி மறுப்பது? குழந்தைக்குப் பரீட்சை வேறு! ஆனால் கொடுத்த டம்ளர் திரும்பி வரும், கொடுத்த பாஸ்வேர்டு திரும்பி வராது. அந்தப் பெண் தன் தோழியிடம் சொல்வாள், தோழி தன் அண்ணனிடம் சொல்வான். யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று நமக்கே தெரியாது.

2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாதில் தொடர்ந்து குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் பத்திரிகை, டி.வி. நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் ஈமெயில் வந்தது. போலீஸார் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃப்ளாட். அவருக்கும் அந்தச் சதிக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் இருந்ததால் யாரோ அதில் புகுந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அதற்குள் விசாரணை, கம்ப்யூட்டர் சோதனை, பத்திரிகைகளில் பெயர் என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளியுலகத்துக்குத் தெரிவது நம் இணைப்பின் எண் மட்டும்தான். அதை உபயோகித்தது நாமா, வேறு யாராவதா என்று அந்த எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இதற்காகப் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் வேண்டாம். பெரும்பாலான பெட்டிகளில் 'கெஸ்ட்' என்று விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை வைக்கிற வசதி இருக்கிறது. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுக்கிற மாதிரிதான். இண்டர்நெட் கிடைக்கும், நம் வீட்டுச் சாமான்கள் பக்கம் வர முடியாது. அதற்குத் தனி பாஸ்வேர்டு போட்டுப் பரீட்சை முடிகிற வரையில் கொடுங்கள். அன்று சாயங்காலமே அணைத்துவிடுங்கள். வேலைக்காரம்மா, ட்யூஷன் வாத்தியார், விருந்துக்கு வந்த உறவினர் எல்லோருக்கும் இதே வழிதான். வீட்டுக் காமிரா, பேசுகிற ஸ்பீக்கர் இவற்றையும்கூட இந்தத் திண்ணையிலேயே வைப்பது உத்தமம்.

இன்னொன்று, பாஸ்வேர்டு எழுதின காகிதத்தையும், சேருவதற்கான கட்டம்போட்ட க்யூ.ஆர். படத்தையும் கூடத்துச் சுவரில் ஒட்டாதீர்கள். பிறந்தநாள் போட்டோவில் அதுவும் விழுந்து ஊரெல்லாம் போய்விடும்.

நெட் வரவில்லையா? பதறாமல் இப்படிச் செய்யுங்கள்

1. ஒரு செல்போனில் மட்டுமா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு அந்தச் சாமானில்தான். அதை அணைத்துப் போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று சொல்லி, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய அன்று எல்லாச் சாமானையும் இப்படித்தான் ஒருமுறை சேர்க்க வேண்டியிருக்கும்.

2. எல்லாவற்றிலும் வரவில்லையென்றால் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று மூன்றெழுத்துப் போட்ட விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, தெருவிலிருந்து வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். எங்கோ ரோடு தோண்டியிருக்கலாம், மரக்கிளை விழுந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். வீட்டுக்குள் வயர் மடங்கிக் கிடக்கிறதா, பீரோ நகர்த்தும்போது காலில் மாட்டியதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி இழையாதலால் கூர்மையாக மடித்தால் உடைந்துவிடும்.

3. சிவப்பு இல்லை, விளக்கெல்லாம் வழக்கம்போல எரிகிறது, ஆனாலும் வரவில்லை என்றால், பணம் கட்டின தேதியைப் பாருங்கள்! பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.

4. பணமும் கட்டியாயிற்று என்றால் பெட்டியின் ஸ்விட்சை அணைத்து, நிதானமாக அரை நிமிஷம் விட்டுப் போடுங்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து நிலைக்க மூன்று நிமிஷமாவது ஆகும். அதற்குள் மறுபடி மறுபடி அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

5. பெட்டியின் பின்பக்கம் 'ரீசெட்' என்று ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும். குழந்தைகள் ஹேர்ப்பின்னை விட்டுப் பார்க்க ஆசைப்படும்! அதை அழுத்திப் பிடித்தால் கம்பெனிக்காரர் போட்டுவைத்த அமைப்பெல்லாம் அழிந்துபோகலாம். கம்பெனி சொன்னாலொழிய அதைத் தொடவே வேண்டாம்.

6. வருகிறது, ஆனால் ஊர்கிறதா? செல்போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே நன்றாக இருந்து அறைக்குள் மோசமென்றால், குறை பெட்டி இருக்கிற இடத்தில். அங்கேயும் மோசமென்றால், லைனில் கோளாறு, அல்லது வீட்டில் யாரோ பெரிய சினிமா ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலத்தில் மட்டும் ஊர்கிறது, நீங்கள் இருப்பதோ ஃப்ளாட் என்றால், சுற்றிலும் இருபது பெட்டிகள் ஒரே சமயத்தில் பேசுகின்றன என்று பொருள். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என்று மூன்றுதான் உண்டு. பெட்டியின் பக்கத்தில் 'சேனல்' என்ற இடத்தில் இந்த மூன்றில் ஒன்றை மாற்றி மாற்றிப் பாருங்கள். 5-க்கு மாறினால் இன்னும் நல்லது.

கம்பெனிக்குப் போன் செய்யும்போது "நெட் வரலே" என்று மட்டும் சொன்னால், அணைத்துப் போடுங்கள் என்று அரை மணி சுற்றுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "காலைல பத்து மணிலேர்ந்து எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. எந்தச் சாமான்லயும் வரலே. புகார் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்." மறுமுனையில் குரலே மாறிவிடும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில்

"கர்ப்பமாக இருக்கிறேன், வைஃபை அலை குழந்தைக்குக் கெடுதலா?" என்று பலர் கேட்கிறார்கள். கவலையே நோயாகிவிட வேண்டாம். வீட்டுப் பெட்டி வெளிவிடுகிற அலையின் சக்தி சாதாரணமாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மைக்ரோவேவ் அடுப்போ உள்ளுக்குள் 700, 800 வாட் உபயோகிக்கிறது. அலை தூரம் போகப் போக வேகமாகக் குறையும். இரண்டு மடங்கு தூரம் தள்ளிப்போனால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட விளக்கத்தில், செல்போன் கோபுரங்களிலிருந்தும் கம்பியில்லா இணைப்புகளிலிருந்தும் வருகிற பலவீனமான அலைகள் உடம்பைக் கெடுக்கின்றன என்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. 2011-ல் அதன் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ரேடியோ அலைகளை 2பி என்ற வகையில் சேர்த்தது உண்மைதான். அதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். சாட்சி போதாது, ஆனால் தள்ளிவிடவும் முடியாது, மேலும் ஆராய வேண்டும் என்பவற்றுக்கான வகை அது. செல்போனைக் காதோடு வைத்து நெடுநேரம் பேசுகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளே அதற்கு முக்கியக் காரணம். ஆசிய நாடுகளில் பாரம்பரியமாக உப்பிலிட்ட காய்கறிகளும் அதே வகையில்தான் இருக்கின்றன. மனத் திருப்திக்காகத் தொட்டிலை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டால் போயிற்று.

உண்மையாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது வேறு இடத்தில். தவழ்கிற குழந்தைக்கு எட்டும்படி அடாப்டர் வயர் தொங்கக் கூடாது. அறுந்த கண்ணாடி இழையின் முனையைத் தொடவோ கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது. அதன் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். அதில் வருகிற லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது. ரிப்பேர் செய்ய வருகிறவர் வெட்டிப்போட்ட துணுக்குகளை அவரையே காகிதத்தில் மடித்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

இன்னும் சில கேள்விகள்

*மாடி அறைக்கு வரவில்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா?*
வாங்கலாம். ஆனால் அலை வராத அறையில் அதை வைத்தால் எதை வாங்கி எதைத் திருப்பிச் சொல்லும்? நன்றாக வருகிற இடத்துக்கும் வராத இடத்துக்கும் நடுவில், மாடிப்படித் திருப்பத்தில் மாட்டுங்கள். சாதாரண ரகங்களில் வேகம் பாதியாகக் குறையும். கீழிருந்து ஒரு லான் வயர் இழுத்து மேலே இன்னொரு பெட்டி வைப்பதுதான் நிரந்தர வழி.

*புதிதாக வாங்கின காமிரா வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது.*
விலை குறைந்த காமிரா, பல்பு, பிளக் போன்றவை பல 2.4-ல் மட்டுமே சேரும். உங்கள் செல்போன் 5-ல் இருக்கிறதா பாருங்கள். செல்போனை 2.4-க்கு மாற்றிக்கொண்டு சேர்த்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

*கரண்ட் போனால் நெட்டும் போகிறது.*
ரௌட்டருக்கென்றே கைக்கடக்கமான யு.பி.எஸ். கடையில் கிடைக்கிறது. உங்கள் அடாப்டரில் 12 வோல்ட் என்றிருக்கிறதா, வேறு எண்ணா, எத்தனை ஆம்பியர் என்று எழுதிக்கொண்டு போய் அதற்குப் பொருத்தமாக வாங்குங்கள்.

*ராத்திரி அணைக்கலாமா?*
தாராளமாக. 10 வாட் பெட்டி மாதம் முழுக்க ஓடினால் 7 யூனிட்டுதான் ஆகும், ஆகவே மிச்சம் பெரிதல்ல. ஆனால் பதினோரு மணிக்குப் பெட்டி தூங்கினால் பிள்ளைகளும் தூங்குவார்கள்! வீட்டில் காமிரா வைத்திருந்தால் மட்டும் அணைக்காதீர்கள்.

சகோதரிகளே, பால் கணக்கு, காஸ் புக் வைத்திருக்கிற நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாசல் சாவி, பீரோ சாவி, கணக்குச் சாவி மூன்றையும் உங்கள் கையால் எழுதுங்கள். கம்பெனியின் புகார் எண்ணையும் பணம் கட்டும் தேதியையும் அடியில் குறித்து, நோட்டை நகைப் பெட்டியோடு பூட்டி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கிற இடம் தெரியட்டும்.

கும்பகோணத்துச் சகோதரி இப்போது தன் பேருக்கே இணைப்பை மாற்றிக்கொண்டுவிட்டாராம். பாஸ்வேர்டையும் தானே மாற்றியிருக்கிறார். "என்ன வார்த்தை என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன்" என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்!

அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு முன்னால் இன்வர்ட்டர் பாட்டரியைக் கவனிப்பது எப்படி என்று பார்ப்போம். கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.